அட்டை இருந்தால் போதுமா?

"காப்பீட்டு அட்டையைக் காட்டித் தனியார் மருத்துவமனைக்கே போகலாமே, அரசு மருத்துவமனை எதற்கு சார்?" சமூக அறிவியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகப் புது வடிவம் பெற்ற ஏற்பாடு இது. பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளுள் ஒன்றை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். இதய அறுவை சிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளுக்கு இது பேருதவி.

ஆனால், சாதாரணக் காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய்க்கான மாதாந்திர மாத்திரைக்கும் பொதுவாக அட்டை உதவாது. அங்கே கைகொடுப்பது ஆரம்ப சுகாதார நிலையம்தான். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்புவதால், அவை அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பொதுப்பணம் தனியார் பக்கமே திரும்பி இந்த அடித்தளம் மெலிந்தால், தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வசதி படைத்தவருக்கே மிஞ்சும். தனியார்மயம் குறித்த அச்சம் இதுவே.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதோடு நோயாளியின் உரிமை முடிவதில்லை. அவசர நிலை தவிர, சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றை விளக்கிச் சம்மதம் பெற வேண்டும் என 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விளக்கம் கேட்க, நோயாளிக்குக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கத்தை நம் வகுப்பறையில்தான் ஊட்ட முடியும்.