நாரும் நானும்!

எங்கள் வீடு நெல்லை மீனாட்சிபுரத்தில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி, செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் ஹாலுக்குள் வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாள். போகும்போது என் டபுள் காட்டையும் முடித்துவிட்டுப் போனாள்.

தேக்கு மாதிரி இருந்த கட்டில்தான். மாதிரிதான்! மரத்தூளைப் பசையோடு அழுத்திப் பலகையாக்கி, மேலே தேக்குப் படம் அச்சடித்த பேப்பரை ஒட்டியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் தூள் உப்பும், பசை விட்டுவிடும். ரசத்தில் விழுந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. கட்டில் போனது, தவணை மட்டும் போகவில்லை. இன்னும் ஏழு மாதம் பாக்கி.

நானும் மனைவியும் தரையில் படுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி. கீழே படுத்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். ராத்திரி எங்களை எழுப்பக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அது தெரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“புறவாசல்ல உங்க தாத்தா கட்டில் கெடக்குல்லா? அத எடுத்துப் போடேம்ல” என்றாள்.

போய்ப் பார்த்தேன். அதுவும் இரண்டு நாள் வெள்ளத்தில் முங்கிக் கிடந்ததுதான். சேற்றைக் கழுவினால், ஒன்றும் ஆகவில்லை! பூவரசு. சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியிருப்பீர்களே, அதே மரம். ஈரத்துக்கும் கறையானுக்கும் லேசில் மசியாது. நான்கு கால், நான்கு சட்டம், ஓர் ஆணி கிடையாது. சட்டத்தின் முனையைச் செதுக்கிக் காலின் துளைக்குள் அடித்து இறக்கியிருந்தார்கள். நார் மட்டும்தான் மக்கிப் போயிருந்தது.

டவுன் கடைகளில் பனைநார் கேட்டேன். நைலான் பட்டையைக் காட்டினார்கள். ஆபீஸ் நண்பர் ஒருவர் சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு அண்ணாச்சி இருப்பதாகச் சொல்ல, சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி பனைமட்டையை மடியில் போட்டு, முதலில் இரண்டு ஓரத்துக் கருக்கையும் சீவினார். ரம்பப் பல் மாதிரி இருக்கும். பிறகு கத்தியால் லேசாகக் கீறி, சர்ரென்று ஓர் இழு. நீளமாக நார் வந்தது. “உள்பக்கம் உரிக்கது அகணி. வெளிப்பக்கம் உரிக்கது புறணி.”

“புறணின்னா எங்க ஆபீஸ்ல நெறைய கெடைக்கும் அண்ணாச்சி” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நூறு பேர் சொல்லியிருப்பார்கள் போல.

1978 முதல் பனைதான் தமிழ்நாட்டின் மாநில மரம். வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. அதைப் பெருமையாகச் சொன்னேன்.

“வெட்டத்தான தம்பி கலெக்டர்ட்ட கேக்கணும்? ஏறுததுக்கு யாருட்ட கேக்க? மட்டை வெட்ட ஆள் இல்ல. எம் மவன் மெட்ராஸ்ல பலசரக்குக் கடை வச்சிருக்கான். பனையில ஏறமாட்டான், ஆனா கருப்பட்டி விப்பான்.”

நானும் ஒரு மட்டையைச் சீவிப் பார்த்தேன். கருக்கு விரலைச் சீவிவிட்டது. திங்கட்கிழமை ஆபீஸில் கைரேகை மிஷின் என்னை ஆளே இல்லை என்று சாதித்தது. அரை நாள் லீவு காலி!

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். முதல்நாள் ராத்திரியே நாரைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். காய்ந்த நார் மடக்கினால் ஒடியும். ஈரத்தோடு இழுத்துக் கட்டினால் காயும்போது இறுகும். ஒரு நார் மட்டை நீளத்துக்குத்தான் வரும். அதனால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். முடிச்சு அடிப்பக்கம் வர வேண்டும். மேலே வந்தால் ராத்திரி முழுக்க முதுகோடு பேசிக்கொண்டிருக்கும்.

நெசவு மாதிரிதான். நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடு. மேலே இரண்டு, கீழே இரண்டு. சுலபம் என்று நினைத்து, ஜிம்முக்குப் போகிறவன் மாதிரி ஒரு பக்கமாகவே பலம் காட்டி இழுத்தேன். சாயங்காலம் பார்த்தால் கட்டில் டைமண்ட் வடிவத்தில் நிற்கிறது. ஒரு கால் அந்தரத்தில். சட்டங்கள் நடுவில் உள்வாங்கி இடுப்புப் பிடித்த மாதிரி.

“ஒரு ஆள் படுக்கலாம்... உருளாம இருந்தா” என்றாள் மனைவி.

அவ்வளவையும் அவிழ்த்தேன். கட்டியதைவிட அவிழ்க்கத்தான் அதிக நேரம்! அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “மூலைக்கு மூலை கயித்தப் பிடிச்சுப் பாத்தியளா? ரெண்டும் ஒரே நீளம் வரணும். நடுவுல கம்பு ஒண்ணு முட்டுக் குடுங்க. முடிஞ்ச பொறவு எடுத்திரலாம்.” இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லையே!

மூன்று ஞாயிறு ஆனது. நான்காவது ஞாயிறு, ஒரு கல்யாணத்துக்கு வந்த அண்ணாச்சி வீட்டுக்கும் வந்தார். நாரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பேசாமல் உட்கார்ந்து, கடைசி இரண்டு வரிசையை அவிழ்த்துப் பத்தே நிமிடத்தில் திரும்பக் கட்டினார். “படுக்கலாம்” என்றார். டிகிரி வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷமில்லை.

காசு கொடுத்தேன். வாங்கவில்லை. காபி மட்டும் குடித்தார். “பத்து நாள்ல தொய்யும். திரும்ப இழுத்துக் கட்டணும். அதுக்கு என்னயக் கூப்பிடாதிய, நீங்களே கட்டுங்க.”

அன்று ராத்திரி அம்மா கட்டிலில். நாங்கள் பத்தமடைக் கோரைப்பாயில். இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்து செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏல, உங்க தாத்தா கட்டினா சத்தமே வராது. இது கிறீச்சுங்கு” என்றாள். சொல்லிவிட்டுப் படுத்தவள் இரண்டு நிமிடத்தில் குறட்டை.

இருட்டில் மனைவி மெதுவாகக் கேட்டாள்: “ஏங்க... நமக்கு எப்போ?”

டபுள் காட் அளவுக்கு எத்தனை நார் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விரலையும் பார்த்தேன். பதில் சொல்லாமல் நானும் குறட்டை விட ஆரம்பித்தேன்.