டிஸ்க் போனால் கணக்கும் போகுமா?

போடிநாயக்கனூரில் உள்ள ஸ்பைசஸ் போர்டின் மையத்தில் ஏலக்காய் ஏலம் கணினித் திரையில்தான் நடக்கிறது. வியாபாரியின் கொள்முதல் கணக்கு, ஜிஎஸ்டி பில், போடிமெட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தின் சம்பளக் கணக்கு, மகளின் கல்யாணப் படங்கள் என எல்லாமே ஒரு மடிக்கணினிக்குள் சேர்ந்துவிடுகின்றன. மழைக்காலத்தில் மலையில் ஈரம், இடி, மின்வெட்டு மூன்றும் கூடும். ஒரு நாள் கணினி விண்டோஸ் வரை போகாமல் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். மடிக்கணினி நின்றுவிட்டது என்பதாலேயே தரவு அழிந்துவிட்டது என்று ஆகிவிடாது. பழுது எந்த இடத்தில் என்பதையும், அதன்பின் நாம் என்ன செய்கிறோம் என்பதையும் பொறுத்தே மீட்பு அமையும்.

2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளைப் போன்ற பழைய கருவிகளில் இருப்பது ஹார்ட் டிஸ்க். காந்தப் பூச்சுள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, அதற்குச் சில நானோமீட்டர் மேலே ஹெட் மிதந்தபடி படிக்கிறது. 'டக், டக்' என்று விடாமல் சத்தம் வந்தால் ஹெட் தடுமாறுகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் ஹெட் தட்டைச் சுரண்டிவிடும். சுரண்டிய இடத்துத் தரவை யாராலும் மீட்க முடியாது. தூசியில்லா அறையில், அதே மாடல் டிஸ்க்கின் ஹெட்டைப் பொருத்திப் படிப்பதுதான் வழி.

சத்தமில்லாமல் மெதுவாகிப்போன டிஸ்க் என்றால் வைத்தியம் வேறு. விண்டோஸை மறுபடி ஏற்றுவதும் 'ரிப்பேர்' கொடுப்பதும் கூடாது. இரண்டுமே டிஸ்க்கில் எழுதும். அதைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் பிரதி எடுப்பார்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். படிக்க முடியாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில்தான் அவற்றிடம் திரும்பும். எந்த நேரமும் நின்றுவிடக்கூடிய டிஸ்க்கில் இந்த வரிசைதான் தரவைக் காப்பாற்றுகிறது. கோப்புகளைத் தேடும் வேலையெல்லாம் பிறகு அந்தப் பிரதியில் மட்டுமே.

புதிய மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதற்கு அடிப்படை. பல மடிக்கணினிகளில் இது 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு பலகை. ஒரே திருகைக் கழற்றினால் கையில் வந்துவிடும். சுழலும் பாகம் இல்லாததால் சத்தம் போட்டு எச்சரிக்காது. இதிலுள்ள கன்ட்ரோலர் என்ற சிப், ஃபிளாஷ் செல்கள் ஒரே இடத்தில் தேய்ந்துவிடாதபடி தரவை இடம் மாற்றி மாற்றி வைக்கிறது. எது எங்கே என்ற அட்டவணையும் அதனிடமே. கிடங்கில் எந்த மூட்டை யாருடையது என்பது கணக்குப்பிள்ளைக்கு மட்டுமே தெரிந்திருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. மின்சாரம் வரும் வழியில் ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால், மல்டிமீட்டரால் கண்டுபிடித்துச் சரிசெய்ததும் டிரைவ் எழுந்துவிடக்கூடும். கன்ட்ரோலரே எரிந்திருந்தால் சிப்களைப் பெயர்த்துப் படித்தாலும் சிதறிய துண்டுகளே கிடைக்கும். பல டிரைவ்கள் தரவைப் பூட்டியே எழுதுவதால் அந்தத் துண்டுகளும் உதவாது.

பூட்டு விண்டோஸிலும் உண்டு. பிட்லாக்கர் இயங்கியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். 2020-ல் வரத் தொடங்கிய ஆப்பிளின் எம் வரிசை மடிக்கணினிகளில் சேமிப்புச் சிப்கள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. சாவி முதன்மைச் சிப்புக்குள். அங்கே போர்டை உயிர்ப்பித்தால்தான் தரவு.

கருவி புதிதாக ஆக, மீட்புக்கான வழிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே பிரதி எடுப்பதை அன்றாடக் கணக்கு முடிக்கும் வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேறு ஊரில். மேலே தோட்டத்தில் ஒன்று, கீழே போடி வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒரே இடி இரண்டையும் எடுத்துவிடாது. அந்த 48 இலக்கங்களையும் ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள்.