நஞ்சன்கூடு: ஒரு பெயரும் மூன்று எண்ணிக்கைகளும் – தொடக்கநிலை நிரலரின் ஐயங்கள்

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபிலையாற்றின் கரையில் அமைந்த திருத்தலம் நஞ்சன்கூடு. நஞ்சுண்ட இறைவன் உறையும் இடம் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். கன்னடம் வழங்கும் பகுதியாயினும் மைசூர் வட்டாரத்தில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பல கிடைத்துள்ளன. ஆகவே இங்குள்ள ஊர்ப்பெயர்களை ஆராய முற்படுபவர் தமிழ் எழுத்தையும் கன்னட எழுத்தையும் ஒருங்கே கையாள வேண்டியவராகிறார். பெயர்களைத் தொகுத்தல், அகரவரிசைப்படுத்தல், ஒப்பிடுதல், எண்ணுதல் ஆகியவை முன்பு சீட்டுகளில் செய்யப்பட்டன. இன்று கணினியில் செய்யப்படுகின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள் போதாதபோது மொழி மாணவரே நிரல் எழுதக் கற்கத் தொடங்குகிறார். தொடங்கிய முதல் வாரத்திலேயே பிறரிடம் உதவி கேட்கவும் நேர்கிறது. அவ்வாறு கேட்கப்படும் வினாக்களுள் பல, நிரலாக்கத்தைப் பற்றியனவாகத் தோன்றினும் உண்மையில் எழுத்திலக்கணத்தைப் பற்றியன. இதனை நஞ்சன்கூடு என்னும் பெயரைக் கொண்டே விளக்கலாம்.

1. ஸ்கிரிப்டு மொழிகளும் தொடக்கநிலையினரும்

எழுதிய நிரலைத் தனியே தொகுக்கும் வேலையின்றி உடனே இயக்கிப் பார்க்க இடந்தரும் நிரல்மொழிகளை ஸ்கிரிப்டு மொழிகள் என வழங்குவர். பெர்ல் (1987), பைத்தான் (1991), பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி (மூன்றும் 1995) ஆகியன இவ்வகையின. சரங்களைக் கையாள்வதில் இவற்றுக்குள்ள எளிமை காரணமாக மொழியாய்வாளர் இவற்றையே நாடுகின்றனர். தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடத்தில் 2019ஆம் ஆண்டு முதல் பைத்தான் இடம்பெற்றிருப்பதால், தமிழ்வழி மாணவரும் இம்மொழியோடு பழகும் வாய்ப்புப் பெருகியுள்ளது.

எளிமை என்பது எழுதுவதற்குத்தான். பிழை நேரும்போது வரும் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. அதுவும் இலக்கணப் பிழைக்கும் இயக்கத்தின்போது நேரும் பிழைக்கும் மட்டுமே வருகிறது. நிரல் பிழையின்றி இயங்கி, விடை மட்டும் தவறாக வருமாயின் கணினி எதுவும் சொல்வதில்லை. தமிழ்ச் சரங்களைக் கையாள்வோருக்கு நேரும் இடர்களுள் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையின. அதனால்தான் அவை மனிதரிடம் கேட்கப்படும் வினாக்களாகின்றன.

2. மூன்று விடைகள்

நஞ்சன்கூடு என்பதில் எத்தனை எழுத்துகள்? தொடக்கப்பள்ளி மாணவர் ந, ஞ், ச, ன், கூ, டு எனப் பிரித்து 6 என்பார். பைத்தானின் மூன்றாம் பதிப்பில் சரத்தின் நீளம் காட்டும் செயற்கூறு 10 என்று விடை தருகிறது. அதன் இரண்டாம் பதிப்பில், யூடிஎஃப்-8 முறையில் எழுதிய இதே பெயரைச் சாதாரணச் சரமாகக் கொடுத்தால் 30 என்று வரும். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிவுற்றது. எனினும் அதனை அடியொற்றி எழுதப்பட்ட பாடநூல்கள் வழக்கிலிருந்து முற்றும் மறையவில்லை. எனவே பழைய நூலைப் பார்த்துப் புதிய பதிப்பில் பயில்பவர் நூலில் ஒரு விடையும் திரையில் வேறொரு விடையும் மனத்தில் மற்றொரு விடையுமாகக் குழம்புகிறார். (முப்பது என்பது தமிழ் முதலெழுத்துகளின் தொகையோடு ஒத்திருப்பது தற்செயலே.)

மூன்று விடைகளும் தம்மளவில் சரியானவை. 30 என்பது சேமிப்பில் உள்ள பைட்டுகளின் எண்ணிக்கை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. 10 என்பது யூனிக்கோடு குறிகளின் எண்ணிக்கை: ந, ஞ, புள்ளி, ச, ன, புள்ளி, க, ஊகாரக் குறி, ட, உகரக் குறி. 6 என்பது எழுத்துகளின் எண்ணிக்கை. பிஎச்பி மொழி இம்மூன்றுக்கும் தனித்தனிச் செயற்கூறுகளை வைத்துள்ளது. ஒன்று பைட்டையும், மற்றொன்று குறியையும், இன்னொன்று காண்போர் ஓரெழுத்தாகக் கொள்ளும் கூட்டினையும் எண்ணும். கற்பிப்பவருக்கு இது நல்ல கருவி. ஒரே பெயரை மூன்றிலும் இட்டுக் காட்டினால் அரைநாள் விளக்கம் மிச்சமாகும்.

யூனிக்கோட்டின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறிமுறையின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. அகரமேறிய மெய்யை முதலாகக் கொண்டு, பிற உயிர்களுக்குத் துணைக்குறியும், உயிரை நீக்கப் புள்ளியும் சேர்ப்பது அம்முறை. ஒலி நிலையில் தமிழிலக்கணம் இதற்கு மாறாகச் செல்கிறது. க் என்னும் மெய்யும் அ என்னும் உயிரும் கூடிக் க பிறக்கிறதேயன்றி, க என்பதிலிருந்து எதனையோ கழித்துக் க் பெறப்படுவதில்லை. ஆயினும் வரிவடிவ நிலையில் முரண் அத்துணைப் பெரிதன்று. மெய் புள்ளி பெற்று நிற்கும், அகரம் சேரும்போது புள்ளி நீங்கும் என்பது தொல்காப்பியத்திலும் காணப்படும் கருத்தே. எண்ணும்போதுதான் சிக்கல் எழுகிறது. இலக்கணம் புள்ளியைத் தனி எழுத்தாக எண்ணுவதில்லை; யூனிக்கோடு எண்ணுகிறது.

ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறி வழங்கும் டேஸ்-16 என்னும் முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிக்கோட்டுடன் சேர்த்து ஏற்றது. அம்முறையில் நஞ்சன்கூடு 6 குறிகளால் ஆகும். ஆனால் மேற்கூறிய ஸ்கிரிப்டு மொழிகள் யூனிக்கோட்டையே அடிப்படையாகக் கொண்டிருப்பதால் தொடக்கநிலையினர் யூனிக்கோட்டோடு பழகுவதைத் தவிர்க்க இயலாது.

3. இடர் நேரும் இடங்கள்

சரத்தைத் தலைகீழாக்குதல் எல்லா நூல்களிலும் உள்ள பயிற்சி. ஆங்கிலச் சொல்லில் பிழையின்றி நிகழும் இப்பயிற்சியை நஞ்சன்கூடு என்பதற்குச் செய்தால், பற்றுக்கோடின்றித் தனித்து நிற்கும் உகரக் குறியில் தொடங்கி டூ, க், ன, ச், ஞ, ந என்று வரும். டு, கூ, ன், ச, ஞ், ந என்பதே எதிர்பார்த்த விடை. முதலிரண்டு இடங்களைக் கண்டாலே தவற்றின் காரணம் புலப்படும்: குறிகள் தத்தம் மெய்யை விட்டு முந்தைய மெய்யைப் பற்றிக்கொண்டன.

இதனினும் கேடு விளைப்பது சொற்களைப் பிரித்தெடுத்தல். பைத்தானின் வழக்கமான வடிவத்தேடல் தொகுதியில் சொல்லெழுத்து என்பதைக் குறிக்கும் குறியீடு, துணைக்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ஆகவே நஞ்சன்கூடு என்னும் ஒரு சொல் 'நஞ', 'சன', 'க', 'ட' என நான்கு துண்டுகளாகிறது. இவ்வாறு பிரித்து ஒரு தரவுத்தொகுப்பின் சொல்வழக்கு எண்ணிக்கையை எடுத்தால், தமிழில் இல்லாத துண்டுகள் மிகுதியாக வழங்கும் சொற்கள் என்று அட்டவணையின் தலையில் அமரும். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராது. அட்டவணையை நம்பி எழுதப்படும் ஆய்வுரையின் கதி கூறவேண்டுவதில்லை. மேம்பட்ட வடிவத்தேடல் தொகுதியொன்று தனியே கிடைக்கிறது. அதனை நிறுவிக்கொண்டால் இச்சொல் சிதையாது.

அகரவரிசையிலும் இத்தகைய இடர் உண்டு. நஞ்சன்கூடு வட்டத்தில் களலெ, கவலந்தெ என்னும் ஊர்கள் உள்ளன. தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள என்பது முறையாதலால் கவலந்தெ முன்னும் களலெ பின்னும் வரவேண்டும். கணினியின் வரிசைப்படுத்தும் செயற்கூறு களலெ என்பதையே முன்னர் வைக்கும். யூனிக்கோடு அட்டவணையில் ல, ள, ழ, வ என்ற வரிசை உள்ளதே காரணம். அவ்வாறே றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் நிற்கின்றன. புள்ளி, உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னர் இடம்பெறுகிறது. மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் அகராதிமுறைக்கு இது நேர்மாறானது. பத்துப் பெயர் கொண்ட பட்டியலில் கண்ணில் படும் இப்பிழை, ஆயிரம் பெயர் கொண்ட பொருளடைவில் படுவதில்லை. தேடுபவர் உரிய இடத்தில் பார்த்து, ஊர் இல்லை என்று முடிவு செய்து போய்விடுவார்.

பார்வைக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் அமையும் சொற்கள் மற்றோர் இடர். கோவில் என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம். ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும் அடுத்தடுத்து வந்து ஓகாரமாகத் தோற்றமளிக்கவும் கூடும். முன்னதன் நீளம் 6, பின்னதன் நீளம் 7. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் இயல்பாக்கச் செயற்கூறு பைத்தானிலேயே உள்ளது. ஆனால் கௌரி என்பதை எகரக் குறியும் ளகரமும் இட்டுக் 'கெளரி' எனத் தட்டெழுதியிருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. அது குறிமுறையின் குறையன்று, எழுத்துப்பிழை.

4. கன்னடத்திலிருந்து தமிழுக்கு

கருநாடகத்தில் பயிலும் தமிழ் மாணவர்க்கே சிறப்பாக நேரும் ஐயம் ஒன்றுண்டு. யூனிக்கோட்டில் கன்னடப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் இணையான அமைப்புடையன. தமிழ் நகரத்தின் எண் 2984. கன்னட நகரத்தின் எண் 3240. வேறுபாடு 256. ஆகவே கன்னடக் குறி ஒவ்வொன்றிலிருந்தும் 256 கழித்தால் தமிழ் எழுத்து கிடைத்துவிடும் என்று தொடக்கநிலையினர் கருதுவது இயல்பே. அது கூர்மையான ஊகமுங்கூட. கன்னடத்தில் இவ்வூர்ப்பெயர் 8 குறிகளால் எழுதப்படுகிறது: நகரம், அனுசுவாரம், ஜகரம், நகரம், ஒலிப்புடைய ககரம், ஊகாரக் குறி, ஒலிப்புடைய டகரம், உகரக் குறி. ஒவ்வொன்றிலும் 256 கழித்தால் தமிழில் வழங்காத அனுசுவாரக் குறி ஒன்றும், ஒன்றுமில்லாத வெற்றிடங்கள் இரண்டும் வந்து நிற்கின்றன. ஒலிப்புடைய ககரத்துக்கும் டகரத்துக்கும் தமிழில் தனி எழுத்தில்லை. அவ்விடங்கள் அட்டவணையில் காலியாக விடப்பட்டுள்ளன.

மாணவர் இவ்விடத்தில் கேட்கும் வினா, 'கட்டம் கட்டமாக வருகிறது, எழுத்துரு சரியில்லையா?' என்பதாக இருக்கும். எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொல்வது பயனற்ற விடை. அனுசுவாரம் அடுத்துவரும் எழுத்தின் இனமெல்லினமாக ஞ் என ஆதல், அதன்பின் ஜகரம் சகரமாதல், ஒலிப்புடைய எழுத்துகள் அவற்றின் வல்லினத்தால் குறிக்கப்படுதல், சொல்லிடையில் நகரம் னகரமாதல் ஆகிய விதிகளை நிரலில் எழுதவேண்டும். அதன் பின்னரும் கன்னட வடிவத்தில் நகரத்தோடு ஒலிக்கும் அகரம் தமிழ் வடிவில் இல்லாததால் 'நஞ்சனகூடு' என்றே விடை கிடைக்கும். நஞ்சன்கூடு என்னும் வழக்கைப் பெறப் பெயர்ப்பட்டியல் ஒன்றுதான் துணை.

5. கேட்கும் முறையும் விடை கூறும் முறையும்

'என் நிரல் தமிழுக்கு வேலை செய்யவில்லை' என்னும் வினாவுக்கு யாராலும் விடை கூற இயலாது. கொடுத்த சொல் எது, வந்த விடை எது, எதிர்பார்த்த விடை எது என்னும் மூன்றையும் சொன்னால் பாதி விடை வினாவிலேயே அமைந்துவிடும். நிரல் முழுவதையும் காட்டுவதைவிட, அதே பிழை எழும் நான்கைந்து வரிகளாகச் சுருக்கிக் காட்டுவது நன்று. சுருக்கும்போதே பிழையைத் தாமே கண்டுகொள்வோர் பலர். பிழைச் செய்தி வந்திருப்பின் அதனை மொழிபெயர்க்காமல் வந்தவாறே தரவேண்டும். பயன்படுத்தும் பதிப்பின் எண்ணும் வேண்டும். அஃதின்றி 10, 30 என்னும் வேறுபாட்டைக் கூட விளக்க முடியாது.

விடை கூறுபவர் முழு நிரலையும் எழுதிக் கொடுத்துவிடுவது அப்போதைக்கு உதவி. மறுநாள் அதே மாணவர் அதே ஐயத்தோடு வருவார். நெறிமுறையைச் சொல்வதே தக்கது. குறிகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுக்க. எடுத்தது துணைக்குறியோ புள்ளியோ ஆயின், முன் சேர்த்த எழுத்தோடு ஒட்டுக. அன்றாயின் புதிய எழுத்தாகத் தொடங்குக. பத்து வரிக்குள் அடங்கும் இந்நெறிமுறை நஞ்சன்கூடு என்பதை ஆறாகப் பிரிக்கும். பிரித்த பட்டியலைத் தலைகீழாக்கலாம், எண்ணலாம், நெடுங்கணக்கு முறைப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் வரிசையெண் கொடுத்து அடுக்கலாம். இதே பணிகளுக்கு ஓப்பன்-தமிழ் என்னும் திறந்தமூலத் தொகுதி பைத்தானில் கிடைக்கிறது. ஒருமுறை தாமே எழுதிப் பார்த்தபின் அதனைக் கையாள்வது மாணவருக்கு நலம்.

தமிழிலேயே கற்க வேண்டும் என்பாருக்கும் முயற்சிகள் உள. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் நிரல்மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. பைத்தானைக் கொண்டே அமைக்கப்பட்ட அம்மொழியில் கட்டளைச் சொற்கள் 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' எனத் தமிழில் அமைந்துள்ளன. நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் வருவது தமிழ்த் தொடரமைப்புக்கு இயைந்தது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் திறந்தமூல மென்பொருள்களைத் தமிழில் விளக்கி வந்துள்ளது. கட்டளைச் சொல் தமிழாவதால் சொல்லச்சம் நீங்கும். ஆயினும் எழுத்தை எண்ணும் இடர் அதனால் மட்டும் நீங்குவதன்று.

நெறிமுறையால் தீராத இடமும் உண்டு. நஞ்சன்கூட்டுக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவன் பெயர் ஸ்ரீகண்டேஸ்வரர். இதன் முதலில் உள்ள ஸ்ரீ பார்வைக்கு ஓரெழுத்து. மேற்கண்ட நெறிமுறைக்கு ஸ், ரீ என இரண்டு. யூனிக்கோட்டுக்கு நான்கு குறிகள். 2005இல் யூனிக்கோட்டில் சேர்க்கப்பட்ட மற்றொரு சகர எழுத்தைக் கொண்டும் இதனை எழுதலாம். எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் ஒரே தோற்றம் தரும். இயல்பாக்கச் செயற்கூறு இவற்றை ஒன்றாக்குவதில்லை. எனவே ஒருவர் ஒரு வடிவில் தட்டெழுதிய பெயரை மற்றவர் மறுவடிவில் தேடினால் கோயிலே பட்டியலில் இல்லை என்று கணினி கூறும். எந்த வடிவைக் கொள்வது, ஓரெழுத்தாகவா இரண்டெழுத்தாகவா எண்ணுவது என்பதை ஆய்வாளரே முடிவு செய்து, பொருளடைவின் தலைப்பிலும் நிரலின் முதல் வரிகளிலும் குறித்து வைத்தல் வேண்டும்.