ஏறி விளையாட ஒரு சிற்பம்!

சிற்பம் என்றதும் உங்கள் மனக்கண் முன் என்ன வந்து நிற்கிறது? கருங்கல்லில் செதுக்கிய சிலை, வெண்கலத்தில் வார்த்த உருவம், பக்கத்திலேயே ‘தொடாதீர்கள்’ என்று ஓர் அறிவிப்புப் பலகை. இல்லையா? பிள்ளைகளோடு கலைக்கூடம் போய் வந்த தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். சிலைகளைப் பார்த்த நேரத்தைவிடப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்த நேரம்தான் அதிகம் என்பார்கள்.

ஜப்பானில் ஒரு சிற்பம் இருக்கிறது. அதைத் தொடலாம், அதற்குள் நுழையலாம், மேலே ஏறிக் குதிக்கலாம், தொங்கி ஊஞ்சலும் ஆடலாம். ஆனால் அந்த உரிமை தொடக்கப்பள்ளி வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே! பெரியவர்கள் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அது இருக்கும் இடம் ஹக்கோனே. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன மலைப்பகுதி. அங்கே 1969-ஆம் ஆண்டு ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும் சிற்பங்களைப் புல்வெளியிலும் மலைச்சரிவிலும் கொண்டு வந்து வைத்தார்கள். புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூரின் படைப்புகள்கூட அங்கே வானத்தைப் பார்த்தபடி கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவேதான் நாம் சொன்ன வண்ண வலைச் சிற்பமும் தொங்குகிறது. அதைப் பின்னியவர் தொஷிகோ ஹொரியுச்சி மக்ஆடம் என்ற அம்மையார்.

காட்சிக்கு வந்த இரண்டு பிள்ளைகள்

1940-ல் பிறந்தவர் தொஷிகோ அம்மையார். டோக்கியோவில் தாமா கலைக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவின் கிரான்புரூக் கலைக் கழகத்தில் மேற்படிப்பை முடித்தார். நூலும் இழையும்தான் அவருடைய கல்லும் உளியும். நூலைப் பின்னிப் பின்னிப் பெரிய உருவங்களாக்கித் தொங்கவிடுவார். கலை ரசிகர்கள் எட்ட நின்று பார்த்துப் பாராட்டுவார்கள்.

1970-களில் ஒரு நாள், அவருடைய கண்காட்சிக்கு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். தூங்குவலைகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்தாற்போன்ற ஒரு படைப்பு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கலைக்கூடத்தின் சட்டதிட்டம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? “இதில் ஏறலாமா?” என்று கேட்டுவிட்டார்கள். அம்மையாரும் சம்மதித்தார். ஆனாலும் நெஞ்சு படபடக்கத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் ஏறினார்கள். வலை நீண்டது, சுருங்கியது, ஆடியது, அலைபோலப் புரண்டது. அதுவரை சும்மா தொங்கிய நூலுக்கு உயிர் வந்துவிட்டது! தன் படைப்புக்குள் இப்படியொரு உயிர் இருந்தது அதைப் படைத்தவருக்கே அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு அவர் பார்வை டோக்கியோ நகரத்துப் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. வார இறுதிகளில் பூங்கா பூங்காவாகச் சுற்றினார். அடுக்குமாடி வீடுகள் பெருகிய ஊரில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், என்ன விளையாடுகிறார்கள் என்று கவனித்தார். அவர்களுக்கு ஓடியாட இடம் போதவில்லை என்று கண்டார். பிள்ளைகளுக்கென்றே முதல் வலையைப் பின்னி, டோக்கியோவில் ஒரு மழலையர் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

பின்னர் பூங்கா வடிவமைப்பாளர் ஃபுமியாகி தகானோவுடன் சேர்ந்து, 1979-ல் ஒக்கினாவா தேசியப் பூங்காவில் வலை விளையாட்டிடம் ஒன்றை அமைத்தார். 2000-ஆம் ஆண்டில், பனி கொட்டும் வடக்கே ஹொக்கைடோவின் தாகினோ பூங்காவில் ‘வானவில் கூடு’ உருவாயிற்று.

ஸ்பிரிங் தொட்டிலின் சூட்சுமம்

இந்த வலையில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் ஸ்பிரிங்கில் சேலையைக் கட்டித் தொட்டில் போடுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை காலை உதைத்தால் போதும். தொட்டில் தானே மேலும் கீழும் ஆடும். உதைக்கிற சக்தி வீணாகாமல் ஆட்டமாகத் திரும்பி வருகிறது. வலையும் அப்படித்தான்.

மீன்வலை முடிச்சுப் போட்டுப் பின்னுவது. முடிச்சு இறுகிவிட்டால் நகராது. அம்மையாரின் வலையோ நம் பெண்கள் மேசை விரிப்புக்குப் போடும் குரோஷா பின்னல் வகை. கண்ணிக்குள் கண்ணி கோத்திருப்பதால், ஓர் இடத்தில் அழுத்தினால் பக்கத்துக் கண்ணிகளும் இழுபட்டு இடம் கொடுக்கின்றன. ஒரு மூலையில் ஒரு பையன் குதித்தால் மறுமூலையில் படுத்திருக்கும் சிறுமி ஆடுகிறாள். அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். முன்பின் தெரியாத இருவரும் கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள்!

வேலை என்னவோ விளையாட்டல்ல. தடித்த நைலான் கயிற்றைக் கையாலேயே பின்ன வேண்டும். வளர்ந்துகொண்டே போகும் பின்னலுக்கு நடுவே தரையில் மண்டியிட்டு அம்மையார் வேலை செய்வார். பாரம் எங்கே விழும், எவ்வளவு தாங்கும் என்று பொறியாளர்கள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவர் கணவர் சார்ல்ஸ் மக்ஆடமுடன் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் குடியேறி, அங்கிருந்தே பல நாடுகளுக்கு வலைகளைச் செய்து அனுப்பினார். 2013-ல் இத்தாலியின் ரோம் நகரக் கலைக்கூடம் ஒன்றிலும் அவர் வலை தொங்கியது.

ஆணியில்லா மரக்கூடம்

ஹக்கோனேயின் முதல் வலை 1981-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நைலானுக்கு வெயிலும் மழையும் பகை. பிள்ளைகளின் கால்களும் சும்மா இருப்பதில்லை. கல் சிற்பம்போல் நூறாண்டு நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே 2009-ல் புதிய வலையும், அதைக் காக்க ஒரு மரக்கூடமும் எழுந்தன. தெசுகா தம்பதியர் என்ற கட்டடக் கலைஞர்கள் அதை வடிவமைத்தார்கள்.

அந்தக் கூடத்தில் 589 மரத்துண்டுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை! இணைப்புகளில் இரும்பு கிடையாது. மரத்தை மரத்தாலேயே பூட்டியிருக்கிறார்கள். விறகுகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கினாற்போன்ற தோற்றம். நடுவே தீக்கொழுந்துபோல் வண்ண வலை. குளிர்காயச் சுற்றி உட்காருவதுபோல் பெற்றோர்கள் மரங்களின் மேல் உட்காருகிறார்கள். கூடத்திற்குக் கதவு கிடையாது. இடைவெளிகள் வழியே வெளிச்சமும் காற்றும் மலைக்காட்சியும் உள்ளே வருகின்றன. பிள்ளைகள் துளைகளில் நுழைந்து மேலே தலைகாட்டுகிறார்கள். அடியில் தொங்கும் குண்டுகளைக் கட்டிப்பிடித்து ஆடுகிறார்கள்.

விழுந்துவிட மாட்டார்களா?

இது எந்தத் தாய்க்கும் வரும் கேள்விதான். பிள்ளைக்குச் சிறிது சவால் வேண்டும் என்பது அம்மையாரின் கருத்து. எவ்வளவு உயரம் தன்னால் முடியும் என்று பிள்ளை தானே அளந்து பார்க்கும். பயந்தவன் கீழேயே புரள்வான். துணிந்தவன் உச்சிக்குப் போவான். இன்று கீழே கிடந்தவன் இன்னொரு நாள் ஒரு படி மேலே ஏறுவான்.

இதில் பெரியவர்களுக்கு வேலையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கயிறு தாங்குமா, மரம் நிற்குமா என்று பிள்ளை கணக்கிட முடியாது. அது கலைஞரும் பொறியாளரும் முன்னதாகவே முடித்து வைத்த வேலை. அதன் பிறகுதான் விலகி உட்கார்ந்தார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கொய்யா மரத்தில் மகன் ஏறினால், “இறங்குடா!” என்ற சத்தம்தான் நமக்கு முதலில் வருகிறது. அடுத்த முறை சத்தம் போடுவதற்கு முன், கிளையை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். அடியில் கல்லும் கண்ணாடித் துண்டும் கிடந்தால் பொறுக்கி எறியுங்கள். பிறகு நிழலில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்து, அவன் எந்தக் கிளை வரைக்கும் போகிறான் என்று பாருங்கள்.