கல் தூசியும் குடும்ப நலமும்



செஞ்சி என்றதும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளும் கோட்டையும் நினைவுக்கு வரும். அவை கருங்கல் மலைகள். நம் விழுப்புரம் மாவட்டத்தில் கருங்கல்லை உடைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. கணவர் குவாரியிலும் மனைவி கிரஷரிலும் பாடுபடும் வீடுகளும் உண்டு. கல் கூலி தருகிறது. அதன் தூசியோ நோய் தருகிறது.

தூசி என்ன செய்யும்?

கருங்கல்லில் சிலிகா என்ற பொருள் இருக்கிறது. பாறையில் துளை போடும்போதும் ஜல்லி உடைக்கும்போதும் அது பொடியாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் ஆபத்து. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அது, நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பை உண்டாக்கும். இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர்.

பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் தூசியில் வேலை செய்த பிறகே இது வெளியே தெரியும். தூசி மிக அதிகமானால் சில வருஷங்களிலேயே தெரியும். மேடு ஏறினால் மூச்சு வாங்கும், இருமல் நிற்காது. "வயசாகுது, அதான் இளைக்குது" என்று இருந்துவிடாதீர்கள். வந்த தழும்பை ஆற்ற மருந்து இல்லை. வராமல் தடுக்க வழி உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

1. துளை போடும்போது தண்ணீர் விட்டுப் போடுங்கள். கிரஷரிலும் பாதையிலும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். நனைந்த தூசி பறக்காது. இதுவே முதல் காப்பு.

2. முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 முகமூடியைக் கேட்டு வாங்குங்கள்.

3. பீடி, சிகரெட்டை விடுங்கள். தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் இரட்டிப்பாகக் கெடும்.

4. வேலைத்துணியோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். குளித்து உடை மாற்றுங்கள். அந்தத் துணியை உதறாமல் நனைத்துத் துவையுங்கள்.

5. பிள்ளைகளைக் குவாரிக்கு அழைத்துப் போகாதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரை அங்கே வேலைக்கு வைப்பது குற்றம்.

"இது டிபியா, தூசியா?"

சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ போங்கள். சளிப் பரிசோதனையும் காசநோய் மாத்திரையும் இலவசம். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். டாக்டரிடம், "நான் கல் வேலை செய்றேங்க, இத்தனை வருஷமா" என்று மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் தூசி நோய் மறைந்துபோகும். மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் உரிமை

தொழிலாளியின் உடல்நலப் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. சிலிகோசிஸ் சட்டப்படி தொழில் நோய், நட்டஈடு கேட்கலாம். அதற்கு வேலை செய்த சான்று வேண்டும். ஆகவே வருகைப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கூலிச் சீட்டை எறியாதீர்கள்.

கணவருக்கு மூச்சு வாங்கினால் மனைவி சொல்லட்டும்: "என்னங்க, நாளைக்கு ஒரு நாள் கூலி போனா போகுது, ஆஸ்பத்திரிக்குப் போவோம்." மனைவி இருமினால் கணவர் அழைத்துப் போகட்டும்.

தூசியை நனைப்போம்! மூச்சைக் காப்போம்!