எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி விதிகள் (கார் பந்தயம்)

எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி (ஈசியு) என்பது உணரிகள் தரும் தகவலைக் கொண்டு எரிபொருளின் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் தீர்மானிக்கும் மின்னணுக் கருவி ஆகும்.

பந்தயக் காரின் எடையையும் எஞ்சின் உருளையின் விட்டத்தையும் எளிதில் அளக்கலாம். கணினிக்குள் மாற்றப்பட்ட மென்பொருள் கண்ணுக்குத் தெரியாது. எனவே ‘தொழிற்சாலைக் கணினி மட்டும்’ என்ற விதி, சோதிக்க வழியில்லாவிடில் ஏய்ப்பவருக்கே உதவும். எந்தக் கணினியும் ஏற்கப்பட்டால் பணம் செலவழிப்பவர் முந்துவார்.

இதற்கு அனைவருக்கும் ஒரே வகைக் கணினியை முத்திரையிட்டு வழங்குவது ஒரு தீர்வு. பார்முலா 1 பந்தயத்தில் 2008 முதல் பொதுக் கணினி கட்டாயமானது. இழுவைக் கட்டுப்பாட்டுத் தடையைக் கண்காணிப்பது அதனால் எளிதானது. காற்று நுழையும் வழியைக் குறுக்குவது மற்றொரு தீர்வு. மென்பொருள் எதுவாயினும் எஞ்சினின் உச்சத்திறன் கட்டுப்படும்.

இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் களங்களில் நடந்துள்ள எல்ஜிபி பார்முலா 4 போட்டிகளில் அனைவருக்கும் ஒரே வகைக் கார் என்பதால் ஓட்டுநர் திறனே முதன்மை பெறுகிறது.