கடனை மறைத்தால் பணிக்கு ஆபத்து

கொச்சி: மட்டாஞ்சேரியிலிருந்து கால்வாயைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. அதையொட்டிய கடற்படைத் தளத்தின் சிவிலியன் ஊழியர்களுக்கும் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள்-1964 பொருந்தும்.

இவற்றின் 17-ஆவது விதிப்படி, தொடர் கடனையும் திவால் நிலையையும் ஊழியர் தவிர்க்க வேண்டும். கடன் வசூலுக்கு வழக்குத் தொடரப்பட்டால் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கடன் ஊதாரித்தனத்தால் வந்ததல்ல, தன் சக்திக்கு மீறிய சூழலால் வந்தது என நிரூபிக்கும் பொறுப்பும் ஊழியருடையதே.

அமெரிக்காவில் ரகசியப் பணிக்கான பாதுகாப்பு அனுமதிக்கு நிதி நிலையும் ஆராயப்படுகிறது. கடனாளி பணத்துக்காக ரகசியத்தை விற்கக்கூடும் என்பதே அச்சம். எனினும், வேலையிழப்பு, மருத்துவச் செலவு ஆகியவற்றால் வந்த கடனைப் பொறுப்புடன் அடைத்து வருவோருக்கு அனுமதி கிடைக்கலாம்.

எனவே, மருத்துவமனை ரசீதுகளையும் தவணை செலுத்திய சான்றுகளையும் ஊழியர்கள் பத்திரப்படுத்துவது அவசியம்.